சுங்கக் கோட்டின் இருபுறம்: பிரெஞ்சுப் புதுச்சேரியும் அதன் பின்னிலமும்

கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் நெடுவழி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைக் கடந்து புதுச்சேரியில் கடலைத் தொடுகிறது. திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தொலைவு நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இவ்விரு ஊர்களும் ஒரே மொழி பேசும் ஒரே நிலப்பரப்பில் அமைந்தவை. எனினும் 1954 வரை, இந்த வழியின் இறுதிச் சில கிலோமீட்டர்கள் வேறொரு நாட்டுக்குள் இருந்தன. வேறு கொடி, வேறு நீதிமன்றம், வேறு தீர்வை. திருவண்ணாமலைச் சீமையின் உழவர்க்கும் வணிகர்க்கும் கடலுக்கான அண்மை வாசல் பிறரொருவர் கையிலிருந்த பூட்டோடு நின்றது.

பெரிய பொருளாதாரப் பரப்பு ஒன்றுக்குள் அமைந்திருந்தும், அதன் சுங்க விதிகளுக்கு முழுமையாக உட்படாத சிறு நிலங்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அவற்றின் வரலாறு பொதுவாகப் படைகளையும் உடன்படிக்கைகளையும் முன்னிறுத்தியே எழுதப்படுகிறது. பிரெஞ்சு இந்தியாவின் வரலாற்றைச் சுங்கச் சாவடியில் நின்று நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். அந்நிலத்தின் இறைமை குறுக்கப்பட்டதும், நீடித்ததும், முடிவுற்றதும் பெரிதும் தீர்வையின் வழியாகவே நிகழ்ந்தன என்பதே அது.

தீர்வையும் நீதியும்

எல்லையில் பெறப்படும் தீர்வை பற்றிய சிந்தனை இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், பிறர் ஆட்சிப் பகுதிகளுக்குச் செல்லும் முஸ்லிம் வணிகர்களிடம் அங்கே பத்திலொரு பங்கு பெறப்படுகிறது என்ற செய்தியை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதித் தெரிவித்தார்கள். அவர்கள் நம் வணிகரிடம் பெறும் அளவையே நாமும் அவர்களிடம் பெறுவது என்பது கலீஃபாவின் தீர்ப்பாயிற்று. திம்மிகளிடம் இருபதில் ஒரு பங்கும், முஸ்லிம்களிடம் நாற்பதில் ஒரு பங்கும் வரையறுக்கப்பட்டன. இமாம் அபூ யூசுஃப் அவர்களின் 'கிதாபுல் கராஜ்' இதனைப் பதிவு செய்துள்ளது. ஒரே வணிகரிடம் ஓராண்டில் இருமுறை தீர்வை பெற்ற அலுவலரின் செயலை உமர் (ரலி) அவர்கள் தடுத்த செய்தியும் அறியப்பட்டதே.

இதில் இரு நெறிகள் அடங்கியுள்ளன. ஒன்று, எதிரெதிர்ச் சமன்மை. மற்றொன்று, ஒரு சரக்கின் மீது மீண்டும் மீண்டும் சுமை ஏற்றாமை. பிற்காலத்தில் சுங்க ஒன்றியம் என்று பெயர் பெற்ற ஏற்பாட்டின் உட்கருத்தும் இரண்டாவது நெறிக்கு நெருக்கமானது: சரக்கு முதலில் நுழையும் வாசலில் ஒருமுறை தீர்வை, அதன்பின் உள்ளே தடையற்ற நடமாட்டம். புதுச்சேரியின் கதையை இவ்விரு அளவுகோல்களால் அளந்து பார்ப்பது பயனுடையது.

உப்பில் தொடங்கிய ஒப்பந்தம்

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வழி படைவழியாகவே மிகுதியும் அறியப்பட்டது. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் திருவண்ணாமலையில் மோதினர். மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தான் திருவண்ணாமலையைக் கைப்பற்றி, பெருமுக்கலையும் வென்று, புதுச்சேரியின் அருகே தங்கிப் பிரெஞ்சுப் படையுதவியை நாடினார். பதினாறாம் லூயி மன்னருக்குத் தூதும் அனுப்பப்பட்டது. உதவி வரவில்லை. உள்நாட்டு அரசு ஒன்று ஆங்கிலேயரை மீறி வெளியுலகை எட்டுவதற்குப் புதுச்சேரியை வாசலாக எண்ணியது என்பதே இங்கு நாம் கருதவேண்டியது.

நெப்போலியப் போர்களுக்குப் பின் அந்த வாசல் திரும்பவும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் பற்கள் பிடுங்கப்பட்ட நிலையில். 1814 பாரீஸ் உடன்படிக்கையின்படி அவர்கள் கோட்டை எழுப்பக் கூடாது. காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைத்திருக்கக் கூடாது. இவ்வளவையும் அனைத்து வரலாற்று நூல்களும் கூறும். இதைவிட ஆழமான கட்டு அடுத்த ஆண்டு இடப்பட்டது.

சென்னை மாகாணத்தில் உப்பு 1805 முதல் கம்பெனியின் தனியுரிமையாக இருந்தது. உப்பின் விலையை அரசு உயர்த்தி வைத்திருக்கும் நிலத்தின் நடுவே, உப்பளங்களுடன் கூடிய அயல்நாட்டுத் துண்டுகள் இருப்பின் அத்தனியுரிமை நிலைக்காது. புதுச்சேரிப் பகுதி ஒரே தொகுதியான நிலமும் அன்று. தென்னார்க்காட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் துண்டுகள் அது. ஒரு வயலின் வரப்பே பன்னாட்டு எல்லையாக அமைந்த இடங்கள் உண்டு. அத்தகைய எல்லை முழுவதையும் காவல் காப்பது எளிதன்று.

எனவே 1815 மார்ச் 7-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குச் சென்றது. ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாயும், குறித்த விலையில் 300 பெட்டி அபினும் பிரெஞ்சு அரசுக்குக் கிடைக்கும். 1818-ல் இன்னொரு படி முன்சென்று, உப்பு உற்பத்தியையே நிறுத்துவதென்றும், உப்பள உரிமையாளரின் இழப்புக்காக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் வழங்குவதென்றும் முடிவாயிற்று.

கடற்கரையிலேயே வாழும் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் தம் உப்பை அயலாரிடம் பெற வேண்டியவர் ஆயினர். கொடி பறந்தது, உப்பு காய்ச்சும் உரிமை பறந்துவிட்டது. அதற்கான பெருந்தொகை அரசின் கருவூலத்துக்குச் சென்றது. உப்பளத்தில் உழைத்தவனுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை. பெரியதோர் பொருளாதாரப் பரப்பின் நடுவே அமைந்த சிறு நிலத்தின் விதி இங்கேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

வேர்க்கடலையும் நீலத்துணியும்

ஆயினும் அந்த நூற்றாண்டில் புதுச்சேரி வாடிவிடவில்லை. அதற்குக் காரணம் அதன் பின்னிலம். மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் இப்பகுதியார் வழங்கும் வேர்க்கடலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மானாவாரி நிலங்களில் பரவியது. திருவண்ணாமலை வட்டம் 1911-ல் வட ஆர்க்காட்டுக்கு மாற்றப்படும் வரை தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. இம்மாவட்டத்தின் கடலைக்குப் புதுச்சேரியே தலையாய ஏற்றுமதித் துறைமுகம். சோப்பும் எண்ணெயும் செய்யும் மார்செய் நகர ஆலைகளே பெரும் வாடிக்கையாளர்.

இரும்புப்பாதை இவ்வுறவை இறுக்கியது. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879-ல் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை வழியாக விழுப்புரத்தையும் காட்பாடியையும் இணைக்கும் பாதை அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் வந்தது. பேரளம்–காரைக்கால் பாதை 1898-ல் வந்தது. பிரெஞ்சு மண்ணுக்குள்ளும் வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே என்ற ஆங்கிலக் கம்பெனியே. அரசியல் எல்லை தண்டவாளத்தை வெட்டவில்லை. சுங்க அதிகாரி மட்டுமே அதன்மேல் நின்றார்.

துணி வணிகம் இதனினும் வியப்பானது. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த, அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி புதுச்சேரியின் சிறப்புச் சரக்கு. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் கோந்து வணிகம் செய்த மூர் முஸ்லிம்கள் இத்துணியை உடுத்தினர். அளவிட்ட துண்டுகளை நாணயம்போலவும் கைமாற்றினர். பிரெஞ்சுக் குடியேற்றத்தில் செய்யப்பட்ட சரக்கு என்பதால் பிற நாட்டுத் துணிக்கில்லாத சலுகை இதற்குச் செனகலில் கிடைத்தது. ஆங்கில ஆட்சிப் பகுதியில் விளைந்த அவுரி, சில மைல் கிழக்கே பிரெஞ்சு மண்ணில் துணியில் ஏறி, பிரெஞ்சுச் சரக்காகி, சஹாராவின் விளிம்பில் வாழ்ந்த முஸ்லிம்களின் ஆடையாயிற்று. ஒரு பொருளின் 'நாடு' எது என்ற வினாவுக்குச் சுங்கச் சட்டம் தரும் விடை எத்தனை செயற்கையானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சட்டத்தின் நிழலில் மக்கள்

தீர்வையில் வேறுபட்ட நிலம் சட்டத்திலும் வேறுபட்டது. இந்தியர்கள், கிறித்தவராயினும் முஸ்லிம்களாயினும் இந்துக்களாயினும், தத்தம் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியுமே தீர்ப்புப் பெறுவர் என்று 1819 ஜனவரி 6-ன் ஆணை உறுதியளித்தது. 1881 செப்டம்பர் 21-ன் ஆணை, விரும்புவோர் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழி செய்தது. அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதில் மிகுதி. முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷரீஅத் சட்டத்தை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை.

இத்தேர்வு பொருளாதார விளைவும் உடையது. இந்தோசீனாவின் சைகோன் நகருக்குச் சென்ற ரெனோன்சான்களுக்கு அரசுப் பணிகளில் கூடுதல் உரிமைகள் வாய்த்தன. காரைக்கால், புதுச்சேரிப் பகுதி முஸ்லிம்கள் அங்கே வணிகத்தைப் பற்றி நின்றனர். துணிக்கடைகள் அவர்களுடைய அடையாளமாயின. சைகோனின் நடுவே 1935-ல் எழுந்த பெரிய பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்களின் கொடையே. காரைக்காலில் பிறந்தவர் பிரெஞ்சுப் பேரரசின் உள்ளிருந்து சைகோன் செல்கிறார். அருகிலுள்ள நாகூரில் பிறந்தவர் பிரிட்டிஷ் குடியாக மலாயா செல்கிறார். இவ்விரு ஊர்களுக்கும் இடையே மண உறவும் தர்கா உறவும் உண்டு. சமூகம் ஒன்று, கடல்வழி இரண்டு.

அரசியல் ஏதிலிகளுக்கும் இந்நிலம் புகலிடமாயிற்று. 1908-ல் புதுச்சேரி சேர்ந்த பாரதியார் பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சரக்குக்குத் தீர்வை கேட்ட அதே கோட்டில் மனிதனுக்குச் சிறையும் காத்திருந்தது.

1941-ன் ஒன்றியமும் 1949-ன் வேலியும்

இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியா இறக்குமதித் தீர்வைகளை உயர்த்தத் தொடங்கியதும் எல்லைச் சிக்கல் முற்றியது. 1924-ன் தரைச் சுங்கச் சட்டம் இத்தகைய எல்லைகளுக்கு உரிய கருவியாயிற்று. தீர்வை உயர உயரக் கடத்தலின் ஆதாயமும் உயர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் இதற்கு எதிர்பாராத தீர்வைத் தந்தது. 1940-ல் பாரீஸ் வீழ்ந்தபின் ஆளுநர் லூயி பொன்வேன், தெ கோல் தலைமையிலான சுதந்திரப் பிரான்சின் பக்கம் சேர்ந்தார். தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட நிலம் பிரிட்டிஷ் இந்தியாவைச் சார்ந்தே உயிர்வாழ வேண்டியிருந்தது. 1941-ல் இரு தரப்பும் சுங்க ஒன்றியம் அமைத்தன. பிரெஞ்சு இந்தியத் துறைமுகங்களிலும் பிரிட்டிஷ் இந்தியத் தீர்வை விகிதமே நடைமுறைக்கு வந்தது; வருவாயில் ஒரு பங்கு பிரெஞ்சு நிர்வாகத்துக்கு அளிக்கப்பட்டது; நில எல்லையின் சுங்க வேலி நீங்கியது. நுழைவாயிலில் ஒருமுறை தீர்வை, உள்ளே தடையின்மை என்ற நெறி எட்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. மக்களின் அன்றாட வாழ்வுக்கு இதுவே மிக இணக்கமான காலம் எனலாம்.

1947-க்குப் பின் நிலைமை மாறியது. மசூலிப்பட்டினம், கோழிக்கோடு, சூரத் முதலிய இடங்களில் இருந்த சிறு பிரெஞ்சுப் பண்டகசாலை நிலங்கள் 1947 அக்டோபரில் இந்தியாவிடம் தரப்பட்டன. சந்திரநாகூர் மக்கள் 1949 ஜூனில் 7,463 வாக்குகளுக்கு 114 என்ற அளவில் இந்தியாவுடன் இணைவதைத் தேர்ந்தனர். புதுச்சேரி குறித்த பேச்சு நீண்டது. இந்திய அரசு படையை அனுப்பவில்லை. சுங்க ஒன்றியத்தை முறித்தது. 1949 ஏப்ரல் 1 முதல் புதுச்சேரியைச் சுற்றிச் சுங்க வேலி மீண்டும் எழுந்தது.

அவ்வேலியின் பொருளை எல்லையோரச் சிற்றூர்களே முதலில் உணர்ந்தன. வீடு ஒருபுறம், வயல் மறுபுறம் கொண்டவர் தம் விளைச்சலை அயல்நாட்டுச் சரக்காகக் கொண்டுவர வேண்டியவராயினர். புதுச்சேரியை அடுத்து முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கோட்டக்குப்பம் இந்தியப் பகுதி. அதன் சந்தை புதுச்சேரி. காரைக்காலிலிருந்து நாகூர் கந்தூரிக்குச் செல்வோரும் எல்லையைக் கடந்தாக வேண்டும். மறுபக்கம், வெளிநாட்டுப் பொருள்கள் கட்டுப்பாடின்றி இறங்கிய புதுச்சேரியில் கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. தங்கமும் வைரமும் கைக்கடிகாரங்களும் எல்லையைக் கடந்தன. சிலர் பெருஞ்செல்வரானார்கள். ஆயினும் அரிசிக்கும் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் அண்டை நிலத்தை நம்பிய ஊர், கைக்கடிகாரத்தை உண்டு வாழ முடியாது.

1954 மார்ச்சில் புதுச்சேரியின் நகராட்சி மன்றங்கள் இந்தியாவுடன் இணையத் தீர்மானம் இயற்றின. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டன. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டமுறை ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை இயக்கங்களின் போராட்டத்தையும் தொழிலாளரின் தியாகத்தையும் இங்குக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் தலைவர்கள் பலரின் நிலைப்பாடு மாறிய வேகத்துக்குச் சுங்க வேலியின் அழுத்தமும் காரணம் என்பதை மறுக்கவியலாது.

ஒரு வழக்கு இக்கால மாற்றத்தின் நுட்பத்தைக் காட்டும். ஆட்சி மாறுமுன் பிரெஞ்சு விதிப்படி வெளிநாடுகளில் சரக்குக்கு ஒப்பந்தம் செய்திருந்த புதுச்சேரி வணிகர்களின் கப்பல்கள் 1954 நவம்பருக்குப் பின் கரை சேர்ந்தன. இந்திய உரிமம் இல்லை என்று சுங்கத்துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. உச்ச நீதிமன்றம் 1960-ல் பெரும்பான்மைத் தீர்ப்பில் வணிகர் பக்கம் நின்றது: பழைய சட்டத்தின்கீழ் முறையாகத் தொடங்கிய செயலின் விளைவுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதே அதன் சாரம். அரசுகள் மாறலாம், நேர்மையாகச் செய்த ஒப்பந்தம் நடுக்கடலில் கைவிடப்படலாகாது.

கடலுக்கப்பால்

பினாங்கின் வரலாறு தமிழ் முஸ்லிம்களுக்கு நெருக்கமானது. 1786-ல் தீர்வையற்ற துறைமுகமாகத் தொடங்கிய அத்தீவில் சூலியா வணிகர்கள் செழித்தனர். மலாயாக் கூட்டமைப்பில் சேர்ந்த பின்னும் பினாங்கு அதன் சுங்கப் பரப்புக்கு வெளியே இருந்தது. தீவிலிருந்து பெருநிலத்துக்குச் செல்லும் சரக்கு தீர்வை செலுத்த நேர்ந்தது. 1969-ல் அந்தத் தனிநிலை நீக்கப்பட்டபோது வணிகம் நலிந்து வேலையின்மை பெருகியது. 1972-ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வலயம் அமைந்தது. இம்முறை சலுகை ஆலைகளோடு பிணைக்கப்பட்டது. சரக்கைக் கைமாற்றியவருக்கு இருந்த சலுகை, சரக்கைச் செய்பவருக்கு மாறியதால் தீவு மீண்டது.

மொராக்கோவின் கரையில் ஸ்பெயினின் ஆட்சியில் இருக்கும் சியூட்டா, மெலில்லா நகரங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஆனால் அதன் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவை. தலைச்சுமையாகச் செல்லும் பொருளுக்குத் தீர்வை இல்லை என்ற வழக்கத்தைப் பயன்படுத்தி, ஆயிரக்கணக்கான மொராக்கோப் பெண்கள் பெரும் மூட்டைகளை முதுகில் சுமந்து எல்லையைக் கடந்துவந்தனர். 2018-ல் மெலில்லாவின் வணிகச் சுங்கச் சாவடியையும், 2019-ல் சியூட்டாவின் சுமைவழி வணிகத்தையும் மொராக்கோ நிறுத்தியது. புதுச்சேரியில் 1949-ல் நிகழ்ந்ததன் மறுபதிப்பே இது. ஆதாயம் யாருக்குச் சென்றிருந்தாலும், முதலில் வேலை இழந்தவர் மூட்டை சுமந்த பெண்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. சுவிட்சர்லாந்தால் முழுமையாகச் சூழப்பட்ட புயூசிங்கன் என்ற சிற்றூர் ஜெர்மனிக்கு உரியது. 1964-ல் கையெழுத்தாகி 1967-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் அது சுவிஸ் சுங்கப் பரப்பில் சேர்க்கப்பட்டது. இறைமை ஓரிடம், சந்தை ஓரிடம் என்ற உண்மையை இரு அரசுகளும் ஒப்புக்கொண்டதால் அவ்வூரார் அமைதியாக வாழ்கின்றனர்.

எஞ்சியிருப்பது

1956 உடன்படிக்கை, புதுச்சேரியின் தனி நிர்வாகத் தகுதி தொடரும் என்றும், அதில் அரசியலமைப்பு மாற்றம் செய்வதாயின் மக்கள் விருப்பத்தை அறிந்தே செய்யப்படும் என்றும் கூறியது. 1963-ல் அது சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதியாயிற்று. 2006-ல் புதுச்சேரி என்ற பெயர் சட்டப்பெயராயிற்று. நீண்ட காலம் குறைந்த விற்பனை வரியே அதன் ஈர்ப்பு. 2017 ஜூலை 1-ல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி அதனைப் பெரிதும் சமப்படுத்திவிட்டது. அருந்தும் மதுவும், பெட்ரோல், டீசல் போன்ற எரிபொருள்களும் இவ்வரிக்கு வெளியே நிற்கின்றன. எனவே பழைய சுங்கக் கோட்டின் நினைவு இன்று மதுக்கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் எஞ்சியுள்ளது. உப்பில் தொடங்கிய வரலாறு மதுவில் வந்து நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வருவாயின் ஒரு பகுதி இத்தகைய பொருளைச் சார்ந்திருப்பது, அதனை அருந்தாத சமூகத்துக்கு மட்டுமன்றி, அதனால் சிதையும் எல்லாக் குடும்பங்களுக்கும் கவலை தருவதே.

மேலும் ஒரு முரண் உள்ளது. சரக்கு மற்றும் சேவை வரியின் நோக்கில் அரசியலமைப்பு, சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதியை மாநிலமாகவே கருதுகிறது. நிதிக்குழுவின் பகிர்வு என்று வரும்போதோ அது மாநிலமன்று. சந்தைக்குள் மாநிலம்; கருவூலத்தின்முன் மாநிலம் அல்லாதது. புதுச்சேரிச் சட்டமன்றம் மாநிலத் தகுதி கேட்டுப் பலமுறை தீர்மானம் இயற்றியிருப்பதன் பொருளியல் வேர் இங்கேதான் உள்ளது.

இரண்டு நூற்றாண்டு வரலாற்றில் திரும்பத் திரும்பத் தெளிவாவது ஒன்று. சிறு நிலத்தின் தனிச்சலுகை, அதைச் சூழ்ந்த பெருநிலத்தின் இசைவில் வாழ்கிறது. அந்த இசைவு 1815-ல் பணத்தால் வாங்கப்பட்டது, 1941-ல் போரால் கனிந்தது, 1949-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு முறையும் அரசுகள் தமக்கு உரியதைக் கணக்கிட்டுப் பெற்றன. உப்பளத் தொழிலாளியும் எல்லையோர உழவரும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. தீர்வையில் சமன்மையும் சுமையில் வரம்பும் வேண்டும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கண்ட நெறி, எல்லைகளை வரைவோரும் அழிப்போரும் இன்றும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகவே நிற்கிறது: இந்தக் கோட்டினால் யார் பெறுகிறார், யார் சுமக்கிறார்?